பாங்கு உத்தியோகமும் பல தேசத்துச் சம்பளமும்

"மாப்பிள்ளைக்கு பாங்கில் உத்தியோகம்!" என்று தரகர் சொன்னதுமே முகம் மலர்ந்த குடும்பங்கள் எத்தனையோ! இன்றோ பெண்ணே பாங்குப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அவள் கைக்கு வரப்போகும் சம்பளம் எப்படி வளரும்? மற்ற தேசங்களோடு சற்று ஒப்பிட்டுப் பார்ப்போமா, சகோதரிகளே?

முதலில் அமெரிக்கா. 1990 வரையில் அங்கே பாங்கு, இன்ஷூரன்ஸ் ஊழியரும், அதே படிப்புப் படித்து வேறு வேலை பார்த்தவரும் ஏறக்குறையச் சமமாகவே சம்பாதித்தார்கள். 2006-லோ, முன்னவருக்குச் சராசரி 50 சதவிகிதம் அதிகம்! பெரிய நிர்வாகிகளுக்கோ 250 சதவிகிதம்! பிலிப்பன், ரெஷெஃப் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் போட்ட கணக்கு இது. சர்க்கார் கடிவாளத்தைத் தளர்த்தியது இதற்கு ஒரு முக்கிய காரணம் என்கிறார்கள் அவர்கள்.

பிரிட்டனில் போனஸ்தான் பெரிது. ஒரு வருஷச் சம்பளத்தைப் போனஸ் தாண்டக் கூடாது; பங்குதாரர் சம்மதித்தால் இரு மடங்கு வரை போகலாம் என்று ஐரோப்பிய யூனியன் 2014-ல் வரம்பு கட்டியது. யூனியனை விட்டு விலகிய பிரிட்டன், 2023 அக்டோபரில் அந்த வரம்பை எடுத்துவிட்டது. ஆனால் போனஸ் கொழிக்கும் பெரிய நாற்காலிகளில் பெண்கள் குறைவு. ஆகவே ஆண், பெண் சம்பள வித்தியாசம் அங்கே மிக அதிகமாக உள்ள துறைகளில் பாங்கும் இன்ஷூரன்ஸும் சேர்ந்திருக்கின்றன.

நம் தேசத்துப் பொதுத்துறை பாங்குகளின் வழி வேறு. சங்கங்களும் நிர்வாகமும் 1966 முதல் பேசி ஒப்பந்தம் செய்து வருகின்றன. 2024 மார்ச் 8-ல், மகளிர் தினத்தன்று, 17 சதவிகித உயர்வு கையெழுத்தாயிற்று. ஒரே பதவிக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பள விகிதம். பஞ்சப்படி விலைவாசியோடு ஏறுகிறது.

ஆனால் ஒரு விஷயம்! அந்த 17 சதவிகிதம் வருஷா வருஷம் வருவதல்ல. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. அதுவும் 2022 நவம்பரில் வரவேண்டியது, 2024-ல்தான் கைகூடிற்று. பழைய பாக்கி சேர்ந்து வரும். பள்ளிக்கூடக் கட்டணம் அதுவரை காத்திருக்குமா?

ஆகவே, யாராவது "இத்தனை சதவிகிதம் உயர்வு" என்றால், மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை வருஷத்துக்கு? விலைவாசி எவ்வளவு ஏறிற்று? உயர்வு எல்லோருக்குமா, மேல் நாற்காலிக்கு மட்டுமா? மளிகைக் கணக்குப் போடத் தெரிந்த நமக்கு, இந்தக் கணக்கு ஒரு பிரமாதமா, என்ன?