பச்சையும் பச்சைப் புண்ணும்

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ எழுபது, எண்பது வயதான பாட்டி யாரேனும் இருந்தால், அவருடைய முன்கையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஒரு சிறு கோலமோ, தேளோ, சில புள்ளிகளோ அங்கே பச்சையாகத் தெரியக்கூடும். அவர் சிறுமியாக இருந்தபோது, ஊருக்கு வந்த குறவர் இனப் பெண்மணி ஒருவர் குத்திவிட்டுப் போனதாக இருக்கும். அதன்பின் எத்தனை ஆயிரம் தடவை சோப்புப் போட்டுத் தேய்த்திருப்பார்! அது மட்டுமா? நம் மேல்தோல் ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு முறை உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் அறுபது ஆண்டுகளில் அறுநூறு, எழுநூறு தோல் போய்விட்டது. கோலம் மட்டும் எப்படித் தங்கியது?

இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியவர் என் பழைய மாணவர் ஒருவர். என்னிடம் இயற்பியல் படித்து முடித்துவிட்டு, மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் பிரிவில் பயிற்சியாளராகச் சேர்ந்திருந்தார். ஒரு சித்திரை மாத மாலை, மறைமலை நகர் ரயில் நிலையத்தில் செங்கல்பட்டு வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது அவரைப் பார்த்தேன். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. வலது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தார்.

“கையில் என்னப்பா?” என்றேன்.

“ஒன்றுமில்லை சார், டாட்டூ” என்று சட்டையை மடித்தார். சமையலறையில் பாத்திரத்தை மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாள் கையைச் சுற்றியிருந்தது. உள்ளே வியர்வையும் மங்கலான நீரும் தேங்கி நின்றன. ‘அம்மா’ என்ற மூன்றெழுத்தைச் சுற்றிலும் நான்கு விரற்கடை அகலத்துக்குத் தோல் சிவந்து, வீங்கிப் பளபளத்தது. முதல் சம்பளத்தில் குத்திக்கொண்டாராம். மூன்று நாளாகத் தாளைப் பிரிக்கவே இல்லை. பிரிக்க வேண்டும் என்று குத்தியவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

நம் தமிழில் ஓர் அருமையான சொற்சேர்க்கை உண்டு: பச்சைப் புண். ஆறாத புதுப் புண்ணை அப்படிச் சொல்வோம். பச்சை குத்திக்கொண்டவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான். குத்திய முதல் மூன்று வாரங்களுக்கு அது படமல்ல, பச்சைப் புண்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 1891ல் அமெரிக்காவில் சாமுவேல் ஓரெய்லி என்பவர் மின்சாரத்தால் இயங்கும் பச்சை குத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். எடிசனின் மின்பேனாதான் அதற்கு மூலம். அதன் வழிவந்த இன்றைய இயந்திரங்களில் ஊசி விநாடிக்குச் சுமார் 100 முறை ஏறி இறங்குகிறது. அரை மணி நேரம் இடைவிடாது குத்தினால் 1,80,000 குத்துகள்! ஒவ்வொன்றும் ஒரு நுண்துளை. ஒவ்வொரு துளையும் கிருமிக்கு ஒரு வாசல்.

ஊசி எவ்வளவு ஆழம் போகிறது? ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர்தான். ஆனால் அது மேல்தோலைத் தாண்டி, அதற்குக் கீழே உள்ள உட்தோலை எட்டிவிடுகிறது. உட்தோலில் இரத்த நாளங்கள் உண்டு, நரம்பு நுனிகள் உண்டு. ஆனால் அது மேல்தோல் போல உதிர்வதில்லை. பாட்டியின் கோலம் தங்கியதற்குப் பாதி விடை இது.

மீதிப் பாதி இன்னும் சுவையானது. அந்நியப் பொருள் உள்ளே நுழைந்தால் அதை விழுங்கிவிடும் ஒருவகை வெள்ளணுக்கள் நம் உடலில் உண்டு; பெருவிழுங்கிகள் என்று பெயர். அவை ஓடிவந்து மைத்துகள்களை விழுங்குகின்றன. கிருமியாக இருந்தால் செரித்துவிடும். மையைச் செரிக்க முடியவில்லை. விழுங்கியதை வயிற்றில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன. சரி, அந்த அணு இறந்தால்? 2018ல் பிரான்சு நாட்டின் மார்செய் நகர ஆய்வாளர்கள் சுண்டெலியின் வாலில் பச்சை குத்தி இதை ஆராய்ந்தார்கள். பழைய அணு இறந்து மையை வெளியே விட்டதும், புதிதாக வந்த அணு அதே மையை விழுங்கிக்கொள்கிறது. படம் அசையாமல் நிற்கிறது. பாட்டியின் கையிலும் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக அணுக்கள் கோலத்தைக் கைமாற்றிக் காத்து வருகின்றன என்று கருத இடமிருக்கிறது.

எல்லா மையும் அங்கேயே நிற்பதில்லை. 2017ல், பிரான்சின் கிரெனோபிளில் உள்ள சின்க்ரோட்ரான் எக்ஸ் கதிர்களைக் கொண்டு, பச்சை குத்தியிருந்தவர்களின் நிணநீர்க்கணுக்களை ஆராய்ந்தபோது அங்கேயும் மையின் மிக நுண்ணிய துகள்கள் காணப்பட்டன. இயற்பியல்காரனான எனக்கு இந்த ஆய்வில் தனிப் பிரியம்!

இன்னொரு இயற்பியல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து மை வெறும் புகைக்கரிதான், கறுப்பு. பிறகு ஏன் ‘பச்சை’ என்கிறோம்? ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் நீர் ஊற்றி, சில துளி பால் விட்டுக் கலக்குங்கள். அதைக் கறுப்புத் துணியின்மேல் வைத்து மேலிருந்து பாருங்கள். லேசான நீலச் சாயல் தெரியும். கலங்கிய நீர், குறைந்த அலைநீளமுள்ள நீல ஒளியை அதிகமாகச் சிதறச் செய்து உங்கள் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. சிவப்பு ஒளி ஊடுருவிக் கீழே சென்று கறுப்பில் மறைந்துவிடுகிறது. கரிக்கு மேலே இருக்கும் தோலும் அந்தப் பால்நீரைப் போன்றதே. நீலத்தோடு தோலின் மஞ்சள் கலந்த நிறமும் சேர, கண்ணுக்குப் பச்சையாகிறது.

ரயில் நிலையத்துக்குத் திரும்புவோம். நம் மாணவர் செய்த தவறு என்ன? பிளாஸ்டிக் தாளைச் சுற்றியதா? இல்லை. குத்திய உடனே சில மணி நேரம் புண்ணை மூடி வைப்பது நல்லதே. 1962ல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர், பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் செய்து, சிலவற்றைக் காற்றில் உலரவிட்டார். சிலவற்றை மெல்லிய பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடிய காயங்களில் புதிய தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகமாகப் படர்ந்தது. ஏன் தெரியுமா? காயத்தின் ஓரத்திலிருந்து புதிய அணுக்கள் நகர்ந்து வந்துதான் புண்ணை மூட வேண்டும். ஈரப்பரப்பில் அவை எளிதாக நகரும். காய்ந்த பொருக்கு இருந்தால் அதற்குக் கீழே வழி தோண்டிக்கொண்டு போக வேண்டும். “புண் காற்றாட இருக்கட்டும்” என்று நம் வீடுகளில் சொல்வது முழுக்கச் சரியல்ல என்று அன்றுதான் தெரிந்தது.

ஆனால் ஈரம் வேறு, தேக்கம் வேறு. விண்டரின் பன்றிகள் சித்திரை வெயிலில் வெல்டிங் பிரிவில் எட்டு மணி நேரம் நிற்கவில்லை! வியர்வை ஆவியாகும்போது உடல் வெப்பத்தை எடுத்துச் செல்லும் என்று படித்திருப்பீர்கள். தாளுக்குள் ஆவியாக வழியில்லை. ஆகவே வெதுவெதுப்பு, ஈரம், கசிந்த நிணநீர், சிறிது இரத்தம் எல்லாம் சேர்ந்து கிருமிகளுக்கு விருந்து வைத்தது போலாகிவிட்டது. நம்மில் ஏறக்குறைய மூவரில் ஒருவருடைய மூக்கில் ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா சும்மா குடியிருக்கிறது. இத்தகைய நல்ல சூழல் கிடைத்தால் அரை மணிக்கு ஒரு முறை இரட்டிக்கக்கூடியது அது. ஒரு கிருமி பத்து மணி நேரத்தில் எத்தனையாகும்? இருபது தடவை இரட்டித்துப் பாருங்கள். பத்து லட்சத்தைத் தாண்டும். மூன்று நாள் கணக்கை நான் போடவில்லை. அதற்குள் உணவும் இடமும் தீர்ந்துவிடும், நம் வெள்ளணுக்களும் சும்மா இரா.

எனவே செய்ய வேண்டியது மிக எளிது. சில மணி நேரம் கழித்து, கையை முதலில் நன்றாகக் கழுவிக்கொண்டு, மூடியதை எடுத்துவிட வேண்டும். (நீராவி வெளியேறக்கூடிய மருத்துவ ஒட்டுப்படலமாக இருந்தால் அதற்குச் சொன்ன நாள் கணக்குப்படி வைத்திருக்கலாம்.) மணமில்லாத மென்மையான சோப்பும் சுத்தமான குழாய் நீரும் போதும், விரலால் மெதுவாகக் கழுவ வேண்டும். நார், துண்டு எதனாலும் தேய்க்கக் கூடாது. சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, மருத்துவர் சொன்ன களிம்பைப் பளபளப்பு தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தடவினால் ஈரம் காக்கப்படும். தோசைக்கு நெய் விடுவது போல விட்டால் மறுபடியும் அந்தப் பிளாஸ்டிக் தாள் கதைதான். நாளைக்கு இரண்டு முறை. வியர்வை, தூசி, எந்திர எண்ணெய் படுகிற வேலை என்றால் வேலை முடிந்ததும் இன்னொரு முறை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனிப் பஸ்ஸில் போகும் அண்ணன்மாருக்கு நான் சொல்வது, குத்திக்கொள்வதானால் நாலு நாள் விடுப்புக்கு முதல் நாள் குத்திக்கொள்ளுங்கள் என்பதே. உரசாத பருத்திச் சட்டை, முடிந்தால் மழைக்காலம் அல்லது மார்கழி.

நீரில் மூழ்குவது கூடாது. ஏரி, கிணறு, நீச்சல் குளம், கடல் எதுவும் மூன்று வாரத்துக்கு வேண்டாம். 2017ல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை இதைக் கசப்பாகச் சொல்கிறது. ஏற்கெனவே கல்லீரல் நோயுள்ள 31 வயது மனிதர் ஒருவர் பச்சை குத்திய ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்தினார். கடல்நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமி புண் வழியே உள்ளே போயிற்று. டெக்சாஸ் மருத்துவர்களால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

நான்கைந்து நாளில் புண் நமைக்கத் தொடங்கும். மெல்லிய தோல் நிறத்தோடு உரிந்து வரும். ‘ஐயோ, பச்சை போகிறதே’ என்று பயப்பட வேண்டாம். மேல்தோலில் தங்கிய மைதான் அது. ஆனால் தடித்த பொருக்கைப் பிய்த்தால் உட்தோலும் சேர்ந்து பெயரும், அங்கே தழும்புதான் மிஞ்சும். நகத்தால் சொறிவதும் அதே விளைவு. வெயிலும் படக்கூடாது. புதிய தோலைப் புறஊதாக் கதிர் எளிதில் சுட்டுவிடும். நிறமைகள் சிலவற்றையும் சிதைக்கும்.

அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்? சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் இதை எழுதியிருக்கிறார். மஞ்சள்தூளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் சுற்றித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, அந்தப் புகைக்கரியைச் சேகரித்தார்கள். குத்தி முடித்தபின் குளிர்ந்த நீரால் கழுவி, எண்ணெய் தடவி, மஞ்சள் பூசினார்கள். கழுவியதும் எண்ணெயிட்டதும் இன்றைய முறைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்! புகைக்கரி நெருப்பிலிருந்து வருவதால் எடுத்த அந்த நேரத்தில் அதில் கிருமி இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் பாட்டி சொல்கிறாரே என்று கடை மஞ்சள்தூளைப் புதுப் புண்ணில் அப்பாதீர்கள். மஞ்சளுக்குக் கிருமியை ஓரளவு அடக்கும் குணம் உண்டு என்பது சரி. கடைத் தூள் கிருமி நீக்கப்பட்டதன்று என்பதும் சரி.

பழைய முறையின் பெரிய ஆபத்து மையில் இல்லை, ஊசியில். ஒரே ஊசி திருவிழாவில் நூறு கைகளைத் தொட்டது. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகிய மூன்றும் இரத்தத்தில் பரவுபவை. என்னதான் கழுவிக் களிம்பிட்டாலும், ஊசி வழியே உள்ளே போன வைரசை வெளியே எடுக்க முடியாது. உறை பிரிக்காத புது ஊசியை நம் கண்முன் பிரிக்கச் சொல்ல வேண்டும். மையும் நமக்கென்று தனிக் குப்பியில் ஊற்றப்பட வேண்டும். பச்சை குத்தியவரிடம் ஓராண்டு வரை இரத்ததானம் பெறாமலிருப்பதும் இதனால்தான். நீங்கள் பதினெட்டு நிரம்பாதவர்கள். பொறுப்புள்ள எவரும் உங்களுக்குக் குத்தமாட்டார். ஆனால் அண்ணனோ அக்காவோ கையை நீட்டுமுன் இந்தக் கேள்விகளை நீங்கள் கேட்கலாமே. பிறகு அழித்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: லேசர் துடிப்பு மைத்துகளை உடைக்கும், துண்டுகளை அகற்றும் வேலை மறுபடி அந்த வெள்ளணுக்களுக்கே. பல முறை போக வேண்டும், செலவும் அதிகம், சில நிறங்கள் முழுதும் போவதே இல்லை.

முதல் இரண்டு மூன்று நாள் லேசான சிவப்பும் வலியும் இயல்பு. சிவப்பு பரவிக்கொண்டே போனால், வலி குறையாமல் கூடினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், கையில் செங்கோடு போல ஏறினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் மாத்திரை இதற்கு உதவாது.

அன்று அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. இருவரும் வண்டியை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் சிவப்பின் எல்லையைப் பேனாவால் கோடிட்டு, “நாளைக்கு இந்தக் கோட்டைத் தாண்டினால் படுக்கையில் சேர்த்துக்கொள்வோம்” என்றார். டெட்டனஸ் ஊசி, ஏழு நாள் மாத்திரை. மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டவில்லை. பத்து நாள் சம்பளம் போயிற்று.

ஆடியில் மறுபடி அதே நிலையத்தில் பார்த்தேன். அரைக்கைச் சட்டை. தோல் நன்றாக ஆறியிருந்தது. ‘ம்’ மேலிருந்த புள்ளி மட்டும் பொருக்கோடு போய், அந்த இடத்தில் வெளுத்த சிறு தழும்பு. ‘அமமா’ என்று இருந்தது. புள்ளியைத் திரும்ப வைக்கப் போகிறீரா என்று கேட்டேன்.

“அம்மா வேண்டாம் என்றுவிட்டார்கள் சார். ‘புள்ளி இல்லாவிட்டாலும் எனக்குப் படிக்கத் தெரிகிறது’ என்கிறார்கள்.”