எருவுக்கும் ஓர் அளவு

எங்கள் தோட்டத்துக் கிணற்று நீர் சுவை மிக்கது. பளிங்கு போல் தெளிந்தது. முப்பது ஆண்டுகளாக எங்கள் குடும்பம் அதைத்தான் பருகி வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் தலைப்பிரசவத்துக்காக வீடு வந்திருந்தாள். அவளைப் பார்த்து வந்த மருத்துவ அம்மையார், "தொழுவத்துக்குப் பக்கத்திலா கிணறு? குழந்தை பிறக்குமுன் அந்தத் தண்ணீரை ஒரு முறை சோதித்துவிடுங்கள்" என்றார். சோதித்தேன். லிட்டருக்கு 90 மில்லிகிராம் நைட்ரேட் இருந்தது. நம் நாட்டுக் குடிநீர்த் தரம் அனுமதிப்பதோ 45 மில்லிகிராம்தான்.

நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு அத்தகைய நீரில் புட்டிப்பால் கலந்து கொடுத்தால், இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் ஆற்றலை இழக்கலாம். உடல் நீலம் பாரிக்கும். அமெரிக்காவின் அயோவாவில் கிணற்று நீர் பருகிய குழந்தைகளுக்கு இக்கேடு நேர்ந்ததை 1945-இல் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர் எடுத்துரைத்தார். காய்ச்சினால் தீரும் என்றும் எண்ண வேண்டாம். நீர் ஆவியாகும், நைட்ரேட் தங்கும், செறிவு இன்னும் கூடும்.

இது எங்கிருந்து வந்தது? குற்றவாளியைத் தேடி நான் வெகுதூரம் போக நேரவில்லை. என் தொழுவத்தில் ஐந்து கறவை மாடுகள். சாணமும் மூத்திரமும் கழுவிய நீரும் கலந்த குழம்பு ஒரு மண் குழியில் சேரும். குழி நிரம்பியபோதெல்லாம் பக்கத்திலுள்ள ஒரு ஏக்கர் தீவனப் புல்லுக்கே அதைத் திறந்துவிடுவேன். எரு கூடினால் நிலத்துக்கு நல்லதுதானே என்பது என் எண்ணம்.

அன்றுதான் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு மாடு நாளொன்றுக்குச் சுமார் 15 கிலோ சாணமும் 8 லிட்டர் மூத்திரமும் விடுகிறது. இரண்டிலும் சேர்ந்து ஏறக்குறைய 110 கிராம் தழைச்சத்து உண்டு. அதில் பெரும்பங்கு, நாம் வீணென்று ஓடவிடும் மூத்திரத்தில்தான். ஆண்டுக்கு ஒரு மாட்டுக்கு 40 கிலோ. ஐந்துக்கு 200 கிலோ. காற்றில் கலந்து போவது கால்பங்கு என்று தள்ளினாலும் 150 கிலோ மிஞ்சும்.

ஐரோப்பிய நாடுகள் 1991-இல் நைட்ரேட் பற்றி ஒரு சட்டம் இயற்றின. நீர் கெடும் ஆபத்துள்ள பகுதிகளில், ஆண்டொன்றுக்கு ஒரு ஹெக்டேருக்குக் கால்நடை எருவின் வழியாக 170 கிலோ தழைச்சத்துக்கு மேல் இடலாகாது என்பது அதன் பொது விதி. ஏக்கருக்குச் சுமார் 69 கிலோ. அச்சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் நல்லதோர் அளவுகோல். அந்த 69-க்கு எதிரே நான் 150 கிலோவை ஒரே ஏக்கரில் கொட்டினேன். வேடிக்கை என்னவென்றால், மற்றோர் ஏக்கர் மக்காச்சோளத்துக்கு அதே ஆண்டு யூரியா மூட்டைகளை விலைக்கு வாங்கினேன்!

பயிர் உண்டது போக எஞ்சிய தழைச்சத்து மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட்டை மண் பற்றிக்கொள்வதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை அதைக் கரைத்துக் கீழே இறக்குகிறது. கீழே இருப்பது நம் கிணறு.

பரிகாரம் எளியது, ஒழுங்குதான் வேண்டும். முதலில் குழிக்குச் சிமெண்டுப் பூச்சு இட்டேன். கூரை நீர் அதில் விழாதபடி தனி வாய்க்கால் வெட்டினேன். சாணத்தை வழித்தெடுத்த பின்பே கழுவுகிறோம். குழம்பின் அளவு வெகுவாகக் குறைந்தது. இரண்டு ஏக்கருக்கும் சிறுகச் சிறுகப் பகிர்கிறேன். புல் அறுத்துத் துளிர்க்கும் வேளையில் இடுகிறேன். பெருமழைக்கு முன் இடுவதில்லை. எரு பெறும் பயிருக்கு அந்த அளவுக்கு யூரியாவைக் குறைத்தேன். சாண எரிவாயுக் கலம் அமைத்தால் தொல்லை தீரும் என்பாரும் உண்டு. அடுப்புக்கு அது நல்லதே. ஆனால் எரிவாயுவாகப் போவது கரிச்சத்து. தழைச்சத்து முழுவதும் கழிவுக் குழம்பிலேயே தங்கும். ஆகவே கலம் வைத்தவருக்கும் இந்தக் கணக்கு உண்டு.

இரண்டு ஏக்கருக்கும் மிஞ்சுவதைத் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கொடுக்கிறேன். முதல் வண்டி ஏறியபோது அவர், "ஏனுங்க மாமா, எரு என்ன விஷமா, அளந்து போட?" என்று சிரித்தார். "விஷமில்லை மாப்பிள்ளை, சோறு. சோற்றையும் இலைக்குத் தக்கபடிதானே பரிமாறுகிறோம்?" என்றேன்.

இது புதிய அறிவுமன்று. ஆட்டுக்கிடை போட்ட நம் முன்னோர் ஒரே இடத்தில் பல இரவுகள் பட்டியை நிறுத்தவில்லை. இடம் மாற்றி மாற்றி அடைத்தார்கள்.

பேரன் பிறந்தான், நலமாக வளர்கிறான். அவனுக்குக் கூட்டுக் குடிநீர்க் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து வந்தோம். இரண்டு மழைக்காலம் கழித்துக் கிணற்றை மீண்டும் சோதித்தேன். 90 என்பது 62 ஆகியிருந்தது. இன்னும் 45-க்கு வரவில்லை. நிலத்தடி நீர் கெடுவதற்கு எடுத்துக்கொண்ட காலத்தைத் தெளிவதற்கும் எடுத்துக்கொள்ளும். மாடு வளர்க்கும் அன்பர்களே, எத்தனை மாடு என்று கேட்பவரிடம் எத்தனை ஏக்கர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆண்டுக்கொரு முறை கிணற்று நீரைச் சோதியுங்கள்.