கருந்திரையும் மின்சிக்கனமும்

பகலும் இரவும் மாறி மாறி வருமாறு அமைத்தவன் இறைவன். மனிதனோ இன்று தன் உள்ளங்கைக்குள்ளேயே ஒரு பகலையும் ஓர் இரவையும் அமைத்துக்கொண்டுள்ளான். கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் வெண்மையான பின்புலத்தில் கரிய எழுத்துகள் தோன்றுவது வழக்கம். இதனை மாற்றிக் கரிய பின்புலத்தில் வெளிறிய எழுத்துகளைக் காட்டும் முறையை 'டார்க் மோட்' என்பர். நாம் அதனைக் 'கருந்திரை' என வழங்குவோம். கருந்திரைக்கு மாறினால் மின்சாரம் மிச்சமாகும் என்னும் கருத்து மாணவரிடையே பரவலாக உள்ளது. அது எவ்வளவு தூரம் உண்மை என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருந்திரை தமிழர்க்கு முற்றிலும் புதியதன்று. வெளிறிய ஓலையில் கீறிய எழுத்துக்குக் கரி பூசிப் படித்தவர்கள் நம் முன்னோர். சிலேட்டின் கருமையில் வெள்ளெழுத்து எழுதிப் பழகியவர்கள் நம் மூத்த தலைமுறையினர். ஆயின் ஓலைக்கும் சிலேட்டுக்கும் மின்சாரம் தேவையில்லை. திரைக்குத் தேவை. எனவே திரை எவ்வாறு ஒளிர்கிறது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

மூவகைத் திரைகள்

முதல் வகை, பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் இருந்த படக்குழாய். அதில் மின்னணுக் கற்றை திரையின் உட்பூச்சில் மோதி ஒளியை உண்டாக்கும். கரிய காட்சிக்குக் கற்றையின் வலிமை குறையும், மின்செலவும் குறையும். வெண்திரைக்கு 74 வாட், கருந்திரைக்கு 59 வாட் என்னும் கணக்கைக் கொண்டு, கூகுள் தேடல் பக்கம் கறுப்பாக இருந்தால் ஆண்டுக்கு 750 மெகாவாட் மணி, அதாவது ஏழரை இலட்சம் யூனிட் மிச்சமாகும் என 2007-இல் ஒரு கருத்து எழுந்தது. அதனையொட்டி ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று 'பிளாக்கிள்' என்னும் கறுப்புத் தேடல் பக்கத்தைத் தொடங்கியது. ஆயின் அப்போதே படக்குழாய்கள் வழக்கொழியத் தொடங்கியிருந்தன. தட்டைத் திரைகளில் கருமை மின்செலவைச் சற்றே கூட்டவும் கூடும் என அதே ஆண்டில் கூகுள் நிறுவனம் மறுமொழி கூறியது.

அத்தட்டைத் திரையே இரண்டாம் வகையாகிய எல்.சி.டி. இதன் பின்னே ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். முன்னே உள்ள திரவப் படிகங்கள் கதவுபோல் நின்று ஒளியை விடும் அல்லது தடுக்கும். கரிய காட்சி தோன்றும்போது கதவு மூடுகிறதேயன்றி விளக்கு அணைவதில்லை. அறையில் விளக்கை எரியவிட்டுச் சன்னலுக்குத் திரையிடுவது போன்றது இது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளின் திரைகளும், குறைந்த விலைக் கைப்பேசிகள் பலவற்றின் திரைகளும் இவ்வகையினவே. இவற்றில் கருந்திரையால் குறிப்பிடத்தக்க சிக்கனம் ஏதும் இல்லை.

மூன்றாம் வகை ஓ.எல்.இ.டி. கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகிய அறிவியலார் 1987-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிகோலியது. இதில் ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிரும் சிறு விளக்கு. முழுக் கருமை என்றால் அப்புள்ளி அணைந்துவிட்டது என்பதே பொருள். கருந்திரையின் சிக்கனம் மெய்யாவது இங்கேதான்.

நம் கைப்பேசி எவ்வகை என அறிய எளிய வழியொன்று உண்டு. இருட்டறையில் முழுக் கறுப்புப் படமொன்றைத் திரையில் வைத்துப் பார்க்க வேண்டும். திரை சாம்பல் நிறமாய் மங்கலாக ஒளிர்ந்தால் அது எல்.சி.டி.; இருளோடு இருளாய் மறைந்தால் ஓ.எல்.இ.டி.

அளவீடுகள் கூறுவது

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2021-இல் ஓ.எல்.இ.டி. கைப்பேசிகளை ஆராய்ந்தனர். திரையின் பிரகாசம் முழு அளவில் இருக்கும்போது கருந்திரை சராசரியாக 39 முதல் 47 விழுக்காடு மின்னாற்றலைச் சேமித்தது. ஆனால் பெரும்பாலோர் வீட்டினுள் வைத்துக்கொள்ளும் 30 முதல் 50 விழுக்காட்டுப் பிரகாசத்தில் சேமிப்பு 3 முதல் 9 விழுக்காடே. முழுப் பிரகாசம் தேவைப்படுவது வெயிலில். வெயிலிலோ கருந்திரையைப் படிப்பது கடினம். மேலும் பி.பி.சி. நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவினர் மடிக்கணினி கொண்டு செய்த சோதனையில், கருந்திரை தந்தபோது பெரும்பாலோர் பிரகாசத்தைக் கூட்டிக்கொண்டனர். எல்.சி.டி. திரையில் இவ்வாறு கூட்டினால் மின்செலவு குறைவதற்கு மாறாக ஏறும்.

இனி நாமே ஒரு கணக்கிடுவோம். 5,000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட கைப்பேசியை ஒருமுறை முழுதும் மின்னேற்ற, வீணாவதையும் சேர்த்து ஏறத்தாழ 25 வாட் மணி ஆகும் எனக் கொள்வோம். நாள்தோறும் ஏற்றினால் ஆண்டுக்கு 9 யூனிட். அதில் 9 விழுக்காடு மிச்சமானாலும் ஒரு யூனிட்டுக்கும் குறைவே. 75 வாட் மின்விசிறி ஒன்று ஓர் இரவு சுழல்வதற்கு ஆகும் செலவு இது. ஆளில்லா வகுப்பறையில் நான்கு மின்விசிறிகள் ஒரு மணி நேரம் சுழன்றால் 300 வாட் மணி, அதாவது பன்னிரண்டு முறை கைப்பேசிக்கு மின்னேற்றும் ஆற்றல், வீணாகிறது.

கருந்திரை பயனற்றது என்பது நம் கருத்தன்று. பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ நெடுந்தொலைவு பேருந்தில் வரும் மாணவர்க்கு, மின்கலம் மாலைவரை தாங்குவது பெரிய உதவியே. இரவில் பிறர் உறக்கம் கெடாமல் படிக்கவும் அது துணைசெய்யும். ஆயின் கண்ணில் உருப்பிறழ்ச்சி உடைய சிலர்க்குக் கருமையில் வெள்ளெழுத்து கசிந்து தோன்றும். 'ண', 'ன' போன்ற எழுத்துகளின் சுழிகள் அவர்க்கு அடைபட்டுத் தெரியக்கூடும். அத்தகையோர் வெண்திரையிலேயே பிரகாசத்தைக் குறைத்துப் படிப்பது நலம். பிரகாசத்தைக் குறைத்தல் எல்.சி.டி., ஓ.எல்.இ.டி. ஆகிய இருவகைத் திரைகளிலும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும்.

நிறைவாக

தருமபுரி மாவட்டத்தில் மின்சாரம் என்பது விளக்கு மட்டுமன்று, குடிநீரும் அதுவே. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த இப்பகுதிக்கு, 2013-இல் தொடங்கப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் மின்சாரத்தைக் கொண்டே காவிரி நீரை மேலேற்றித் தருகிறது. அருகிலுள்ள மேட்டூரிலோ அணையின் நீரோடு நிலக்கரியும் மின்சாரமாகிறது. எனவே ஒரு யூனிட்டும் அற்பமன்று.

வீண்விரயத்தை 'இஸ்ராஃப்' என இசுலாம் கண்டிக்கிறது. ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து ஒளுச் செய்தாலும் நீரை விரயமாக்கலாகாது என்பது நபிகளார் காட்டிய நெறி. அந்நெறி மின்சாரத்துக்கும் பொருந்தும். கருந்திரையை அமைத்துவிட்டோம், கடமை முடிந்தது என அமைதியடைந்து, வகுப்பறை மின்விசிறியைச் சுழலவிட்டுச் செல்வது அந்நெறிக்கு ஒவ்வாது. திரையின் வகையறிந்து கருமையைப் பயன்படுத்துவோம்; பிரகாசத்தைக் குறைப்போம்; அறையை விட்டு வெளியேறுமுன் சுவிட்சை அணைப்போம்.