மிச்சம் பிடிப்பது டர்போ அல்ல

டீ வரட்டும். "டர்போ பெட்ரோல் வண்டி, கம்பெனி சொன்ன மைலேஜில் பாதிதான் வருது" என்கிறீர்கள். பாதி என்பது கோபத்தில் வந்த கணக்கு. குறைகிறது என்பது நிஜம்.

பெட்ரோல் இன்ஜினில் ஒரு பழைய வீணடிப்பு உண்டு. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது த்ராட்டில் தட்டு ஏறக்குறைய மூடியே இருக்கும். அந்தச் சின்ன இடுக்கு வழியாகப் பிஸ்டன் மல்லுக்கட்டிக் காற்றை இழுக்க வேண்டும். இன்ஜின் பெரிதாக இருந்தால் இந்த நஷ்டமும் பெரிது. அதனால்தான் ஒன்றரை லிட்டர் இருந்த இடத்தில் மூன்று சிலிண்டர் ஒரு லிட்டர் வந்தது. மேடு, ஓவர்டேக் என்று வந்தால் மட்டும், வீணாகப் போகும் புகையின் வேகத்தில் சுழலும் டர்போ கூடுதல் காற்றை உள்ளே தள்ளும். பெட்ரோலை மிச்சம் பிடிப்பது இன்ஜினின் சிறிய உருவம். டர்போ, வேலை அதிகமான நாளில் மட்டும் கூப்பிடுகிற கூலியாள்.

கூலி எப்படிப் போகிறது என்று பாருங்கள். அழுத்திய காற்று சூடாகும். இன்டர்கூலர் ஆற்றியது போக மிஞ்சும் சூட்டில் கலவை தாறுமாறாக வெடிக்கும். மெக்கானிக் 'நாக்கிங்' என்பது இதைத்தான். அதைத் தவிர்க்க இன்ஜினின் கம்ப்யூட்டர் பிளக் பொறியைத் தாமதப்படுத்தும். தாமதித்தால் புகை இன்னும் சூடாகும், டர்போவின் சக்கரம் தாங்காது. அப்போது, 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற சரியான கணக்கை விட்டுவிட்டு, பெட்ரோலை அதிகம் தெளிக்கும். அந்த உபரி எரிவதற்கல்ல, சூட்டைத் தணிக்க! விலை தெரிந்தவனுக்கு வயிறு எரியும்.

பொறியாளர்கள் சும்மா இல்லை. ஃபோர்டின் 1 லிட்டர் ஈகோபூஸ்டில் புகைக்குழாயை சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்த்து, கூலன்ட் சுற்றி ஓடும்படி செய்தார்கள். ஃபோக்ஸ்வாகனின் 1.5 டிஎஸ்ஐ ஈவோவின் ஒரு வடிவத்தில் காற்று வால்வை முன்கூட்டியே மூடி, உள்ளே சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டு, அமுக்க விகிதத்தை 12.5 வரை கொண்டுபோனார்கள். டர்போ பெட்ரோலுக்கு அது துணிச்சலான எண். நம் ஊரில் விற்கும் 1.5, வேலை குறைந்தால் நான்கில் இரண்டு சிலிண்டரை உறங்க வைத்துவிடும்.

நீங்கள் செய்யக்கூடியது? நிதானமாக மிதியுங்கள், நெடுஞ்சாலையில் 120-ஐ விட்டு 90-க்கு வாருங்கள், வித்தியாசம் தெரியும். டயர் காற்று, சொல்லவே வேண்டாம். ஆனால் சிக்கனம் என்று நினைத்து, ஐந்தாம் கியரில் 1,200 சுற்றில் உருளும்போது மிதியைத் தரையோடு அழுத்தாதீர்கள். பிளக் பொறி விடும் முன்பே கலவை தானாகப் பற்றி, பிஸ்டனையே உடைக்கக்கூடும். கியரைக் குறைத்து அழுத்துங்கள். சிலிண்டருக்குள் கசியும் ஆயில் துளிகளும் இதற்குக் காரணம் என்பதால், 2020-ல் வந்த ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரத்தில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. அடுத்த சர்வீஸில் மேனுவல் சொல்லும் ஆயிலைத்தான் ஊற்றுகிறார்களா என்று டப்பாவை வாங்கிப் பாருங்கள்.