இரண்டு டிஷ், இரண்டு பாக்ஸ்: இணைப்பது எப்படி?

சென்னையில் மொட்டை மாடியில் நின்று தென்கிழக்கே திரும்பி, ஏறத்தாழ 68 பாகை அண்ணாந்தால் அந்தத் திசையில் ஜிசாட்-15 செயற்கைக்கோள் இருக்கிறது. தூர்தர்ஷனின் கட்டணமில்லாத 'டிடி ஃப்ரீ டிஷ்' சேனல்கள் அங்கிருந்துதான் வருகின்றன. தெற்குப் பக்கம் சற்றுத் திரும்பி 74 பாகைக்கு அண்ணாந்தால், 2020இல் ஏவப்பட்ட ஜிசாட்-30. இரண்டும் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் பூமியின் சுழற்சி வேகத்துக்கு ஈடாகச் சுற்றுவதால், வானில் இடம் மாறாமல் நிற்கின்றன. ஆகவே டிஷ்ஷை ஒருமுறை திருப்பி இறுக்கிவிட்டால் போதும்.

இரண்டு கோளுக்கும் தனித்தனி டிஷ் வைப்பதே எளிது. டிடி ஃப்ரீ டிஷ் வரும் கேயு-பேண்ட் அலைகளுக்கு இரண்டு, மூன்று அடி டிஷ் போதும்; ஆனால் கனமழையில் படம் நின்றுவிடும். ஜிசாட்-30இல் இருந்து வரும் சி-பேண்ட் அலைகள் மழைக்கு அவ்வளவாக மசியாது. பதிலுக்கு ஆறு அடி, எட்டு அடி டிஷ் கேட்கும்.

டிஷ் குவிக்கும் அலையைப் பிடிப்பது எல்.என்.பி. அந்த அலையை அப்படியே கேபிளில் அனுப்பினால் வழியிலேயே தேய்ந்துவிடும். அதனால் எல்.என்.பி. அதன் அதிர்வெண்ணைக் குறைத்து அனுப்புகிறது. சி-பேண்டில் 4000 மெகாஹெர்ட்ஸில் வரும் சேனலை, தன்னுள் உண்டாகும் 5150 மெகாஹெர்ட்ஸ் அலையில் இருந்து கழித்து 1150ஆக மாற்றிவிடும்.

கேபிளில் படம் கீழே வருவதைப் போலவே, பாக்ஸின் கட்டளை மேலே போகிறது. பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்தாக அதிரும் அலைகள் வரும். 18 வோல்ட் அனுப்பினால் கிடைமட்டமாக அதிரும் அலைகள். 22 கிலோஹெர்ட்ஸ் துடிப்புகளால் ஆன குறியீடு போனால், நடுவில் உள்ள 'டைசெக்' சுவிட்ச் ஒரு டிஷ்ஷை விட்டு மற்றதற்கு மாறும். நான்கு வாய் உள்ள சுவிட்ச் ஒன்று, நான்கு எல்.என்.பி.களை ஒரே கேபிளில் ஒரு பாக்ஸுக்குத் தரும்.

இதைப் புரிந்துகொண்டால், இரண்டாவது பாக்ஸ் வைக்கும்போது வரும் சிக்கலும் புரியும். கேபிளைச் சாதாரண ஸ்பிளிட்டரால் இரண்டாகப் பிரித்தால், ஹாலில் உள்ள பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பும்போது படுக்கையறை பாக்ஸ் 18 அனுப்பும், ஒரே எல்.என்.பி. இரண்டு பேச்சையும் கேட்க முடியாது. எனவே ஒவ்வொரு டிஷ்ஷிலும் இரண்டு வாய் உள்ள ட்வின் எல்.என்.பி. பொருத்தி, பாக்ஸுக்கு ஒரு சுவிட்ச், ஒரு கேபிள் என்று தனித்தனியே இறக்க வேண்டும். பாக்ஸ்கள் கூடினால், ஒவ்வொன்றுக்கும் தனிக் கேபிள் தரும் மல்டிசுவிட்ச் வாங்குவதே சிக்கனம்.

டிஷ்ஷைத் திருப்பும்போது திரையில் 'ஸ்ட்ரெங்த்' அளவை நம்பாதீர்கள், எல்.என்.பி.யில் மின்சாரம் ஏறினாலே அது உயர்ந்து காட்டும். 'குவாலிட்டி' உயர்ந்தால்தான் சரியான கோள் கிடைத்தது என்று பொருள். மெனுவில் ஒவ்வொரு கோளுக்கும் சுவிட்சின் எந்த வாய் என்பதையும் சரியாகக் குறிக்க வேண்டும். அது மாறினால் டிஷ் சரியாக இருந்தும் சேனல் வராது. மார்ச்சிலும் செப்டம்பர்-அக்டோபரிலும் சில நாட்கள், பகலில் சில நிமிடம் படம் கலங்கினால் டிஷ்ஷைத் தொடாதீர்கள். கோளுக்குப் பின்னால் சூரியன் கடக்கிறது, தானே சரியாகிவிடும்.

கேபிளைக் கழற்றும் முன்பும் மாட்டும் முன்பும் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். 18 வோல்ட் ஆளைக் கொல்லாது. ஆனால் ஷார்ட் ஆனால் பாக்ஸ் பழுதாகலாம்.