உறைந்த காலமும் ஓடும் ஒலியும்: ‘தி சைம்ஸ் ஆஃப் மிட்நைட்’ ஒலிநாடகத்தில் காலநிறுத்தம்

முன்னுரை

காலம் நின்றுவிடுதல் என்னும் கற்பனை அறிவியல் புனைவில் நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வருவதாகும். எழுத்தும் திரையும் இதனை எளிதில் காட்டவல்லவை. எழுத்தாளர் அசைவற்ற உலகை வேண்டுமளவு வருணிக்கலாம். திரைப்படம் ஒரு சட்டகத்தை நிறுத்திவைக்கலாம். ஒலிநாடகத்திற்கோ இவ்வசதி இல்லை. ஒலி காலத்தில் மட்டுமே நிகழ்வது. அதனை நிறுத்தினால் எஞ்சுவது உறைந்த ஒலியன்று, மௌனமே. மௌனம் நீடித்தால் கேட்போர் கருவி பழுதுற்றது என்றே கருதுவர்.

அவ்வாறாயின், காலத்தாலேயே ஆன ஒரு கலை காலம் நின்ற உலகை எவ்வாறு புலப்படுத்தும்? ராபர்ட் ஷியர்மன் எழுதி, பிக் ஃபினிஷ் நிறுவனம் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ‘தி சைம்ஸ் ஆஃப் மிட்நைட்’ (நள்ளிரவின் மணியோசை) என்னும் ஆங்கில ஒலிநாடகத்தைக் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னோடிப் புனைவு

எச்.ஜி. வெல்ஸ் 1901இல் எழுதிய ‘தி நியூ ஆக்சிலரேட்டர்’ என்னும் சிறுகதை இங்கு நினைக்கத்தக்கது. ஒரு மருந்தை உட்கொண்ட இருவருடைய இயக்கம் பன்மடங்கு விரைவுபெறுகிறது. அதனால் அவர்களைச் சூழ்ந்த உலகம் நின்றுவிட்டதுபோல் தோன்றுகிறது. மனிதர்கள் சிலைகளாகின்றனர். ஆனால் பூங்காவில் இசைத்துக்கொண்டிருந்த வாத்தியக் குழுவின் இசை உறைவதில்லை. தாழ்ந்த கரகரப்பாகச் சிதைந்து கேட்கிறது. காட்சி உறையும், ஒலி சிதையும் என்னும் வேறுபாட்டை வெல்ஸ் அன்றே உணர்ந்திருந்தார் என இதனால் அறியலாம். ஒலியை மட்டுமே கருவியாகக் கொண்ட நாடகாசிரியர் இவ்விடர்ப்பாட்டிலிருந்தே தொடங்கவேண்டியவராகிறார்.

நாடகப் பின்புலம்

1963இல் பிபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ தொடர் 1989இல் நின்றது. 1996இல் வந்த தொலைக்காட்சிப் படத்தில் எட்டாம் டாக்டராக நடித்த பால் மெக்கேன், 2001 முதல் பிக் ஃபினிஷ் ஒலிநாடகங்களில் அப்பாத்திரத்தைத் தொடர்ந்தார். அவருடன் பயணம் செய்யும் சார்லி பொல்லார்டு என்னும் இளம்பெண்ணாக இந்தியா ஃபிஷர் குரல் கொடுத்தார்.

சார்லியின் முன்கதை இன்றியமையாதது. 1930 அக்டோபர் 5 அன்று பிரான்சின் போவே நகரருகே ஆர்101 என்னும் பிரித்தானிய வான்கப்பல் வீழ்ந்து எரிந்ததில் 48 பேர் மாண்டனர். இவ்வரலாற்று விபத்தில் இறந்திருக்கவேண்டியவளாகவே புனைவில் சார்லி படைக்கப்பட்டுள்ளாள். டாக்டர் அவளைக் காப்பாற்றுகிறார். இறந்திருக்கவேண்டியவள் வாழ்கிறாள் என்னும் இம்முரணே பின்னர் காலத்தை நிறுத்துகிறது.

‘நள்ளிரவின் மணியோசை’யின் களம் 1906ஆம் ஆண்டுக் கிறித்துமஸ் முந்தைய இரவில் உள்ள ஒரு பெருவீடு. உரையாடும் வீட்டார் அனைவரும் பணியாளர்களே. பாத்திரம் கழுவும் பணிப்பெண் ஈடித் முதலில் இறக்கிறாள். அடுத்து ஒவ்வொருவராக இறக்கின்றனர். நள்ளிரவு மணி அடித்ததும் காலம் மீண்டும் பத்து மணிக்குத் திரும்புகிறது. மாண்டவர் எழுந்து தம் வேலையைத் தொடர்கின்றனர்.

நிலைப்பைக் கேட்பிக்கும் உத்திகள்

வினைச்சொல் வேற்றுமை கொள்ளாது, காலத்தொடு தோன்றும் என்பது தொல்காப்பிய வினையியல் தரும் வரையறை. சொல்லிலக்கணத்துக்குரிய இதனை இங்கு ஓர் ஒப்புமையாக மட்டும் கொள்ளலாம். செயல் நிகழ்ந்து அதன் விளைவு எஞ்சும்போதுதான் காலம் கடந்ததை நாம் அறிகிறோம். ஷியர்மன் செயலை நிகழவிட்டு விளைவை நீக்கிவிடுகிறார். உடைந்த ஜாடி மீண்டும் முழுமையாக இருக்கிறது. உடையும் ஓசையைக் கேட்டவர்களுக்கு அது உடையாதிருக்கும் செய்தியை உரையாடல் தெரிவிக்கிறது. செவி அறிந்ததும் சொல் அறிவிப்பதும் முரணும் இடத்தில் காலநிறுத்தம் புலனாகிறது.

இரண்டாவது உத்தி கடிகாரம். அதன் ஓசை பொதுவாகக் காலம் நகர்வதற்குச் சான்று. இங்கோ அது எங்கும் சென்று சேராத நகர்வாகிறது. மணி ஒலிக்குந்தோறும் ஒரு மரணம் நிகழும் என்னும் அச்சம் கூடுகிறது. ஆயினும் பன்னிரண்டுக்குப் பின் ஒன்று வருவதில்லை.

மூன்றாவது, திரும்பவரும் உரையாடல். முன்னர் கேட்ட சொற்களே சிறு மாற்றங்களுடன் மீண்டும் வருகின்றன. கண்ணெதிரே பொருள்கள் இல்லாமையால் கேட்பவர் தம் நினைவையே அளவுகோலாகக் கொள்கிறார். வீட்டார் மறந்துவிட்டதைக் கேட்பவர் நினைவில் வைத்திருக்கிறார். காலம் அவரிடம் மட்டும் நகர்கிறது.

பிழைத்தல் யாருக்கு?

கதை வளருங்கால் அவ்வீடே உயிர்பெற்று, வந்த இருவரையும் தன்னுள் நிறுத்திக்கொள்ள முற்படுகிறது. தப்பிச் செல்லுதலே சிக்கல் எனத் தோன்றும் நிலையில், நாடகம் வினாவை ஈடித்தின்பால் திருப்புகிறது. பிற்காலத்தில் அவள் சார்லியின் வீட்டில் சமையற்காரியாகப் பணிபுரிந்தவள். தன்னிடம் அன்பு காட்டிய சார்லி இறந்த செய்தி கேட்டு உயிரை மாய்த்துக்கொண்டவள். சார்லி உயிரோடு இருப்பதால் அச்சாவுக்குக் காரணமே இல்லை. ஆயினும் அது நிகழ்ந்துள்ளது. இவ்விரண்டுக்கும் இடையில் காலம் சிக்கிக்கொள்கிறது.

ஈடித் தான் ஒரு பொருட்டல்லள் என்று பலமுறை கூறுகிறாள். முதலில் வேடிக்கையான அடக்கமாகக் கேட்கும் அக்கூற்று, சுழற்சிதோறும் கனம் பெறுகிறது. மற்றப் பணியாளரும் தம் தொழிற்பெயரன்றி வேறு தன்மை அற்றவர்களாகவே பேசுகின்றனர். நாள்தோறும் ஒரே வேலை, ஒரே கட்டளை, எவரும் பொருட்படுத்தாத இருப்பு என்னும் பணியாளர் வாழ்க்கைக்கும் உறைந்த காலத்துக்கும் உள்ள ஒப்புமையை மறுநிகழ்வு வெளிப்படுத்துகிறது. தன் உயிருக்கு மதிப்புண்டு என ஈடித் ஏற்கும்போதே சுழற்சி முறிகிறது. விடுதலை எந்திரத்தாலோ அறிவியல் விளக்கத்தாலோ வராமல், ஒருத்தி தன்னைப் பற்றிச் சொல்லிவந்த சொல்லை மாற்றுவதால் வருகிறது.

முடிவுரை

ஒலிநாடகம் காலநிறுத்தத்தை அசைவின்மையால் காட்ட இயலாது, மறுநிகழ்வாலேயே காட்டும். ஷியர்மன் இவ்வரம்பையே பொருளாக மாற்றியுள்ளார். கதைக்கருவை மட்டும் நோக்கின் இது ஒரு காலமுரண் புனைவு. ஓசையும் மறுநிகழ்வும் சேர்த்து நோக்கின் மதிக்கப்படாத உயிரைப் பற்றிய நாடகம். எனவே, ஒலிநாடகங்களை எழுத்துப் பனுவலாக மட்டும் வாசித்து ஆராய்வது நிறைவுடையதாகாது. எச்சொல் எத்தனையாவது முறையாக, எவ்வோசையை அடுத்துக் கேட்கிறது என்பதும் பொருள்கோடலில் இடம்பெறுதல் வேண்டும். தமிழ் வானொலி நாடக ஆய்வுக்கும் இந்நெறி பொருந்துவதேயாகும்.