படகு ஸ்டீரியோவும் பொருந்தாத ரிமோட்டும்

அமெரிக்காவின் ஏரிகளிலும் ஃபுளோரிடாவின் கடற்கரையிலும் ஓடும் உல்லாசப் படகுகளில், பாட்டுப் பெட்டி பெரும்பாலும் சுக்கானுக்கு அருகே, நீர் தெறிக்காதபடி மூடியிட்ட ஒரு குழிக்குள் பொருத்தப்பட்டிருக்கும். பின்தளத்தில் அமர்ந்திருப்பவருக்கோ, நீந்திவிட்டு ஏணியில் ஏறுபவருக்கோ அது எட்டாத இடம். படகோட்டியும் ஒலியைக் குறைக்க வேண்டுமானால் நீரிலிருந்து கண்ணை எடுத்தாக வேண்டும். கம்பியில்லா ரிமோட்டின் தேவை இங்கிருந்துதான் பிறக்கிறது. ஆனால் ஸ்டீரியோ ஒரு நிறுவனத்தினுடையதாகவும் ரிமோட் இன்னொன்றினுடையதாகவும் இருந்தால், ‘இவை பொருந்தாது’ என்ற ஒற்றை வரியோடு விற்பனையாளரின் பதில் முடிந்துவிடுகிறது. நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் பெட்டியைக் கழற்றி எறிவதற்கு இது போதிய காரணமாகாது. பொருத்தமின்மை பெரும்பாலும் காற்றில் பரவும் அலையில் இல்லை. ஸ்டீரியோவுக்குள் நுழையும் கடைசி ஒரு சாண் கம்பியில்தான் இருக்கிறது. அந்தக் கம்பியில் பெட்டி எதை எதிர்பார்க்கிறது என்று தெரிந்துவிட்டால், ரிமோட் எதுவாக இருந்தாலும் அதை இசைவிக்க வழி உண்டு.

அந்த எதிர்பார்ப்பு பெட்டிக்குப் பெட்டி மாறுகிறது. முகப்பில் அகச்சிவப்பு உணரி உள்ளவை, பொதுவாக 38 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் ஒளியில் பதிந்து வரும் குறியீட்டுக்கு மட்டுமே செவிசாய்க்கும். நேர்வெயில் உணரியின் மேல் விழும் திறந்த படகில் இந்த முறை தடுமாறும். ஜேவிசி, கென்வுட் பெட்டிகளில் பலவும் ஒரே கம்பியில் வரும் மின்துடிப்புகளின் வரிசையைப் படிக்கின்றன. நியூசிலாந்தில் தோன்றி 2014இல் கார்மின் வசமான ஃப்யூஷனின் கடல்சார் பெட்டிகளில் பல, என்எம்இஏ 2000 என்ற படகுத் தரவு வலையில் இணைகின்றன. நொடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் இயங்கும் அந்த வலையில் செருகி பொருந்தினாலும், நிறுவனத்தின் தனிப்பட்ட செய்திகளை அறியாத ரிமோட் அங்கே ஊமையாகவே இருக்கும்.

இவற்றைவிட எளியதும், கையால் செய்து முடிக்கத்தக்கதும் மின்தடை முறை. பயனியர், சோனி பெட்டிகளில் பலவற்றின் பின்புறம் கம்பி ரிமோட்டுக்கென 3.5 மில்லிமீட்டர் துளை ஒன்று இருக்கும். பெட்டி தனக்குள் உள்ள ஒரு மின்தடையின் வழியே அந்தத் துளைக்குச் சிறு மின்னழுத்தத்தைத் தந்தபடி இருக்கிறது. வெளியே ஒரு பொத்தான் வேறொரு மின்தடையைத் தரைக்கம்பியோடு இணைக்கும்போது அழுத்தம் குறைகிறது. எவ்வளவு குறைந்தது என்பதை அளந்து, எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்று பெட்டி முடிவுசெய்கிறது. பயனியரின் பல மாதிரிகளில் 1.2 கிலோஓம் ஒலிமூலத்தை மாற்றும், 3.3 ஒலியை அடக்கும், 8 அடுத்த பாட்டுக்கும் 11.25 முந்தைய பாட்டுக்கும் செல்லும், 16 ஒலியைக் கூட்டும், 24 குறைக்கும். நிறுவனங்கள் இந்த அட்டவணையைக் கையேட்டின் ஓர் ஓரத்திலாவது அச்சிட்டிருக்க வேண்டும்; வாங்கியவருக்கு அதை அறியும் உரிமை உண்டு. அச்சிடாத நிலையில், அதே பெட்டிக்கான கம்பி ரிமோட் ஒன்றை இரவல் பெற்று, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக் குறித்துக்கொள்வதே நம்பகமான வழி.

மதிப்புகள் தெரிந்தபின், 315 அல்லது 433.92 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் சாவிக்கொத்து ரிமோட்டும் அதற்குரிய பல வழி ரிலேப் பலகையும் போதும். ரிலே என்பது மின்காந்தத்தால் மூடித் திறக்கும் சுவிட்ச். அதன் தொடுமுனைகள் தமக்கென எந்த மின்னழுத்தத்தையும் சுமப்பதில்லை என்பதால், 12 வோல்ட்டில் ஓடும் பலகைக்கும் மென்மையான உள்ளீட்டுக்கும் இடையே மோதல் எழுவதில்லை. ஒவ்வொரு ரிலேக்கும் உரிய மின்தடையைத் தொடராகச் சேர்த்து, எல்லாவற்றின் மறுமுனைகளையும் ஒன்றாக்கி, 3.5 மில்லிமீட்டர் செருகியில் பற்றவைத்தால் வேலை முடிந்தது. கடையில் கிடைக்காத 11.25 கிலோஓமுக்கு, 10 கிலோஓமையும் 1.24 கிலோஓமையும் தொடராக இணைக்கலாம். பலகையை, பொத்தானை அழுத்தியிருக்கும் வரை மட்டும் இணைப்பு நிற்கும் நிலைக்கு மாற்றுவது அவசியம். மாறிமாறிப் பூட்டும் நிலையில் விட்டால், ஒருமுறை தொட்ட ஒலியேற்றம் உச்சம்வரை ஓடிவிடும்.

மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதும் சிறிய கேள்வியன்று. காத்திருக்கும் நிலையில் 20 மில்லிஆம்பியர் இழுக்கும் பலகை, பேட்டரியோடு நேராக இணைந்திருந்தால், நாளொன்றுக்கு 0.48 ஆம்பியர்-மணியும் 30 நாளில் 14.4 ஆம்பியர்-மணியும் தின்றுவிடும். வாரக்கணக்கில் கரையில் கட்டிக்கிடக்கும் படகுக்கு இது இழப்புதான். எனவே ஸ்டீரியோவுக்கான சுவிட்சுக்குப் பின்னிருந்து, ஒரு சிறு ஃபியூஸ் வழியே எடுப்பதே முறை. பெட்ரோல் படகில், இயந்திர அறையிலோ எரிபொருள் தொட்டி உள்ள அறையிலோ இந்தப் பலகையை ஒருபோதும் வைக்கக் கூடாது. ரிலேயின் தொடுமுனையில் எழும் சிறுபொறி அங்கே தேங்கும் ஆவியைப் பற்றவைக்கக்கூடும்.

உப்புநீரின் சேதம் இந்த முறையில் விசித்திரமான வடிவம் எடுக்கிறது. செருகியில் படியும் ஈரமான உப்பு, பொத்தானின் மின்தடைக்கு இணையாக இன்னொரு பாதையைத் திறக்கிறது. அந்தக் கசிவு 48 கிலோஓம் என்று கொண்டால், ஒலியைக் குறைக்கும் 24 கிலோஓமோடு இணைந்து விளைவது சரியாக 16 கிலோஓம். அதாவது, குறைக்க அழுத்தும் விரலுக்கு ஒலி கூடும். கசிவே 16 கிலோஓமுக்கு இறங்கிவிட்டால், யாரும் தொடாமலே ஒலி ஏறத் தொடங்கும். ஸ்டீரியோ கெட்டுவிட்டது என்று கருதிப் புதியது வாங்குமுன், செருகியை உருவித் துடைத்துப் பார்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி, உள்ளே பசை தடவிய, வெப்பத்தில் சுருங்கும் உறை, பலகைக்கு நீர்புகாப் பெட்டி ஆகிய மூன்றும் இங்கே ஆடம்பரமல்ல.

கடைசிச் சோதனை பாட்டைப் பற்றியதே அன்று. 2018இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை, எல்இடி விளக்குகள் படகின் விஎச்எஃப் வானொலியைக் குலைக்கக்கூடும் என்று எச்சரிக்கை விடுத்தது; ஆபத்தில் உதவி கோரும் 16ஆம் அலைவரிசை அந்த வானொலியில்தான் உள்ளது. மலிவான ரிசீவர் பலகைகளில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுற்றும் அதே வகை இரைச்சலை எழுப்பக்கூடும். வானொலியை அமைதியான ஓர் அலைவரிசையில் வைத்து, இரைச்சலடக்கும் திருகியை ஒலி நிற்கும் புள்ளிவரை மட்டும் திருப்பி, பிறகு பலகைக்கு மின்சாரம் தர வேண்டும். வானொலி சீறத் தொடங்கினால் பலகையை ஆன்டெனாக் கம்பியிலிருந்து தள்ளி வைத்து, அதன் மின்கம்பியில் ஃபெரைட் வளையம் ஒன்றை மாட்டிப் பார்க்கலாம். அதன்பின்னும் சீற்றம் நிற்காவிட்டால் அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு வேறொன்று வாங்க வேண்டும்.